ஏழாம் துளையின் குறைப் பெட்டி

ஏழாம் துளையில் நாற்பத்தொன்றாவது மீட்டரில், கல்லை ஏந்தி வரும் பாரல் குழாய் காலியாக மேலே வந்தது. ஒன்றரை மீட்டர் கல் வர வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடிச் செங்களி மட்டும் இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன், என் பேனாவால் ஷீட்டில் எழுதினேன். சில வாரம் கழித்து அதே பேனாவால் அதை அடித்துத் திருத்தினேன். அந்தத் திருத்தத்தால் நான்கு பேர் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதை இப்போது டிரில்லிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். "இதெல்லாம் எங்களுக்கே தெரியும் சார்" என்பார்கள். எனக்கும் தெரியும் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

1. மலைக்கு ரயில்

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒழுங்கான சாலை ஒன்றுதான். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்தால் மேலே இருக்கிற டவுன் தனித்துப் போய்விடும். பஸ் வராது, அரிசி லாரி வராது. பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிச் சேற்றைத் தாண்டிக் கொண்டு போவார்கள். அப்படி ஒரு மழைக்குப் பிறகுதான், மலையைக் குடைந்து ரயில் விட முடியுமா என்று பார்க்கச் சொல்லி எங்கள் சர்வே பிரிவுக்கு உத்தரவு வந்தது.

ரயில் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். அதற்கு வேறு காரணங்கள், எல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். ஆனால் நாங்கள் இரண்டு வருஷம் மெனக்கெட்டுப் பார்த்தோம்.

வேலை இரண்டு பக்கமாக நடந்தது. மேலே, டனல் போகப்போகிற வழி நெடுகிலும் நேர்கீழாகத் துளை போட்டுக் கல்லை எடுத்துப் பார்ப்பது. அது என் வேலை. கீழே, ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு ஒரு சின்னச் சுரங்கத்தை முன்னோட்டமாக வெட்டிப் பார்ப்பது. அதற்கு பைலட் டனல் என்று பெயர். மேலே நாங்கள் எடுக்கிற கல்லைப் பார்த்துத்தான் கீழே எப்படி வெட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

துளையிலிருந்து கல் உருளை உருளையாக வரும். அதைக் கோர் என்போம். ஒரு மீட்டர் நீள மரப்பெட்டியில் நான்கு காடி இருக்கும். காடி என்றால் கல்லை வரிசையாகப் படுக்க வைக்கிற பள்ளம். ஆழத்தின் வரிசை மாறாமல் கல்லை அதில் அடுக்க வேண்டும். எங்கே கல் வரவில்லையோ அங்கே அதே நீளத்துக்கு மரக்கட்டை வெட்டி வைத்து, அதன் மேல் 'லாஸ்' என்று பெயிண்டில் எழுத வேண்டும். கல் வராத இடம் என்றால் அங்கே பாறை மக்கிப் போயிருக்கிறது, தண்ணீர் இருக்கலாம் என்று அர்த்தம். டனல் வெட்டுகிறவனைக் கொல்வது அந்த இடம்தான்.

ஏழாம் துளை செம்மநத்தத்துக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. அங்கே டனல் போகிற மட்டமும் நாற்பது மீட்டர் ஆழத்தையொட்டித்தான். நான் காலி பாரலைப் பார்த்த அன்று மரக்கட்டை கையிருப்பில் இல்லை. தச்சர் அனுப்பவில்லை. ஒன்றரைக் காடியைக் காலியாக விட்டு, 'லாஸ்' என்று ஒரு காகிதத்தில் எழுதிச் செருகி மூடியைப் போட்டேன். கட்டை வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

2. கல்லு பொய் சொல்லாது

பெட்டிகளைச் சரிவிலிருந்து ஜீப் நிற்கிற சாலை வரைக்கும் தலைச்சுமையாக இறக்க வேண்டும். எஸ்டேட்டில் காபிப் பழம் எடுத்து முடிந்து வேலை குறைந்த மாதங்களில் அங்கிருந்து பெண்கள் வருவார்கள். அவர்களில் முன்னால் நடப்பவர் பழனியம்மாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் மாரப்பன் கீழே பைலட் டனலில் ஜாக்ஹாமர் ஓட்டினார். இருவருடைய தாத்தா காலத்தில் தர்மபுரிப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம்.

பெட்டியோடு டிரில்லரும் கூடவே நடந்து வர வேண்டும் என்பது விதி. கூட வந்ததாக ஸ்லிப்பில் கையெழுத்தும் போட வேண்டும். நான் கையெழுத்துப் போட்டேன், நடக்கவில்லை. இறங்குவதுகூடப் பரவாயில்லை, திரும்ப ஏறுவதற்கு அலுப்பு. பெண்களை அனுப்பிவிட்டு மிஷின் பக்கத்தில் வெள்ளி ஓக் நிழலில் படுத்துக்கொண்டேன். காரணம் அவ்வளவுதான், அதை அழகுபடுத்திச் சொல்ல ஒன்றும் இல்லை.

டவுனில் ஒண்டிக்கடை என்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய காபி கிட்டங்கியில்தான் பெட்டிகளை வைத்திருந்தோம். அப்போது எங்களுக்கு ஜியாலஜிஸ்ட் இல்லை, அந்தப் பதவி காலியாகக் கிடந்தது. அசிஸ்டென்ட் இன்ஜினியர் சௌந்தரராஜன்தான் கல்லையும் பார்ப்பார். ஏ.இ. என்போம். சிவில் படித்தவர், நல்ல வேலைக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். சில வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் ஏழாம் துளைப் பெட்டி திறந்திருந்தது.

"என்னய்யா முருகேசா, ஷீட்ல ஒன்றரை மீட்டர் லாஸ்னு போட்டிருக்க. பெட்டியில கல்லு பூரா இருக்கே?"

எட்டிப் பார்த்தேன். நான்கு காடியும் நிறைந்திருந்தது. இடைவெளி இல்லை, காகிதமும் இல்லை.

"லாஸ்தான் சார். பாரல் காலியா வந்துச்சு."

"அப்ப இது என்ன, ஆகாசத்துல இருந்து விழுந்துச்சா? அடுத்த ரன்ல ஏறி வந்திருக்கும். நீ சாப்பிடப் போயிருப்பே, ஹெல்பர் எடுத்து அடுக்கியிருப்பான்."

அப்படி நடப்பது உண்டு. உள்ளே நழுவி நின்ற கல் அடுத்த முறை பாரலில் ஏறி வரும். ஆனால் அன்றைக்கு அடுத்த ரன்னையும் நான்தான் எடுத்தேன். அதில் ஏறி வந்தது அதற்குரிய கல் மட்டும்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பெட்டி கூட நீதானே வந்தே?" என்று கேட்டார்.

இல்லை என்றால் ஸ்லிப்பில் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். அந்த ஒரு கையெழுத்துக்கு மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய ஆளை எனக்குத் தெரியும். "ஆமா சார்" என்றேன்.

"அப்புறம் என்ன? கல்லு பொய் சொல்லாதுய்யா. ஷீட்டைத் திருத்து."

திருத்தினேன். ராத்திரி படுத்தபோது, ஹெல்பர் எப்படியாவது எடுத்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனிடம் போய்க் கேட்கவில்லை. அவன் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்ற பயம்தான்.

3. மடியில் இருந்த கல்

ஆடி மாதம். மிஷின் அதே சரிவில் ஒன்பதாம் துளைக்கு மாறியிருந்தது. கீழே பைலட் டனல் நன்றாக முன்னேறி, ஏழாம் துளைக்குக் கீழே வந்து சேர இன்னும் எட்டு மீட்டர்தான் பாக்கி. அந்த வாரம் வேறொரு டிரில்லர் அனுப்பிய பெட்டி உடைந்து வந்ததற்காக ஏ.இ. எல்லோரையும் பிடித்துக் காய்ச்சியிருந்தார். அதனால் அன்றைக்கு நானும் பெட்டிகளோடு நடந்தேன்.

பாதி வழியில் பழனியம்மாள் சுமையை ஒரு பாறை மேல் இறக்கி மூடியைத் திறந்தார்.

"ஏனுங்கக்கா, மூடிய எதுக்குத் தொறக்கறீங்க?"

"உள்ள குலுங்குதுங்க தம்பி. ஒரு காடியில பாதிக்குக் கல்லே காணமுங்க. தலையில வெச்சா ஒரு பக்கமா ஓடுது, கழுத்து பிடிச்சுக்குது." சொல்லிக்கொண்டே மடியிலிருந்து இரண்டு உருளைக் கல்லை எடுத்தார். "பயப்படாதீங்க, ஒரே தண்டியாப் பாத்துத்தான் பொறுக்கியாந்தேன்."

அந்தக் காடியிலும் நான் கட்டை வைக்காமல் விட்டிருந்தேன். அவர் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டேன்.

"இதுக்கு முன்னால இப்பிடி நெரப்பியிருக்கீங்களா?"

"ஒருக்காத்தானுங்க. அந்த மேட்டு மிசினு பொட்டி. ஒண்ணரைக் காடி காலியாக் கெடந்துச்சு. மொதல்ல தோண்டி உட்டுப்போட்ட குழிக்கல்லு அங்கதான குமிஞ்சு கெடந்துச்சுங்க. ஒண்ணொண்ணா வெச்சுப் பாத்து, பொருந்தறதாப் பாத்துப் போட்டனுங்க. நொம்ப நேரம் ஆயிப்போச்சு."

ஏழாம் துளையை முதலில் ஆரம்பித்தபோது இருபதாவது மீட்டரில் துளை போடுகிற முனை, பிட், சிக்கிக்கொண்டது. அதைக் கைவிட்டு நாலடி தள்ளிப் புதிதாகப் போட்டோம். பழைய துளையின் கல் வழியோரம் குவிந்து கிடந்தது. அதே பாறை, அதே தடிமன். ஏ.இ. என்ன, நானே பார்த்து ஏமாந்தேன்.

"உள்ள ஒரு காயிதம் இருந்துச்சே அக்கா?"

"நனைஞ்சு கூழாக் கெடந்துச்சுங்க. தொடச்சு எறிஞ்சுட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "எஸ்டேட்டுல பழம் அளக்கற பொட்டி கையகலம் கொறஞ்சாலும் எங்க ரைட்டரு திருப்பி உட்டுருவாருங்க. நெரப்பிட்டு வான்னு அத்தன பேரு முன்னால சொல்லுவாரு. கொறப் பொட்டி கொண்டு போயி நீங்க ஆபீசருகிட்ட பேச்சு வாங்கக் கூடாதுன்னுதான் போட்டனுங்க. ஏனுங் தம்பி, தப்புங்களா?"

"அப்புறம் சொல்றேன். பெட்டிய எறக்கியே வைங்க. யாரும் தொட வேண்டாம்."

மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. பைலட் டனலில் தினமும் காலையில் ஜாக்ஹாமரால் துளை போடுவார்கள், மதியம் வெடி வைப்பார்கள். புகை போனதும் நான்கு பேர் உள்ளே போய் உடைந்த கல்லை அள்ளுவார்கள். இந்த மலையில் மக்கின பட்டை நேராக நிற்காது, சாய்ந்துதான் போகும். துளைக்கு எட்டு மீட்டர் இருக்கிறது என்றால், அந்தப் பட்டைக்கும் எட்டு மீட்டர் இருக்கிறது என்று எவன் சொன்னான்? காபிச் செடிகளுக்கு ஊடாக ஓடினேன். இரண்டு இடத்தில் விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்தது. முக்கால் மணி நேரப் பாதையை அரை மணியில் இறங்கியிருப்பேன்.

4. மூன்றாவது ராடு

ஏ.இ. டனல் வாயில் தார்ப்பாய்க் கொட்டகையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெட்டி கூட வந்தேன்னு சொன்னே. ஸ்லிப்புல கையெழுத்து இருக்கு. ஷீட்டையும் நீயே திருத்தியிருக்கே."

"எல்லாம் பொய் சார். நான் கூட வரலை. அந்த எடத்துல கல்லு வரவே இல்லை."

"வேலை போயிரும்யா. தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியும் சார். மொதல்ல ஆளுங்களை வெளிய கூப்பிடுங்க."

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் எட்டு மீட்டர் இருக்கு. இன்னிக்கு வெடி முடியட்டும். நாளைக்குப் பார்ப்போம்."

தண்ணீர் குடிக்க வெளியே வந்த மாரப்பன் அங்கே நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு நாளா உள்ள வெட்டற மொகப்புல சொட்டுதுங்க சார். மழத்தண்ணி எறங்குதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு அது செவப்பா வருதுங்க."

ஏ.இ. எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வலது கை விரலெல்லாம் செம்மண். அதைத் துடைக்கக்கூட இல்லை. பிறகு, வெடி இல்லை என்றார். எல்லோரும் வெளியே வரட்டும், ராடுகளை ஒன்றோடு ஒன்று மாட்டி முன்னால் ஒரே ஒரு நீளத் துளை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார். மாரப்பன் ஜாக்ஹாமரை எடுத்தார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நானும் போனேன். அக்காவிடம் அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் வெளியே நின்று வேடிக்கை பார்க்க முடியுமா?

முதல் ராடு கெட்டிப் பாறையில் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ராடு பாதி போனதும் பிடிப்பே இல்லாமல் சரக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. ஜாக்ஹாமரோடு மாரப்பனும் முன்னால் சாய்ந்தார். அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். துளையின் வாயை உடைத்துக்கொண்டு செங்குழம்பு என் தொடை கனத்துக்குப் பீறிட்டு வந்தது.

"ஓடுங் தம்பி" என்றார் மாரப்பன். ஜாக்ஹாமரைப் போட்டுவிட்டு ஓடினோம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். முகப்பு முழுவதும் இடிந்து, இருபது மீட்டர் நீளத்துக்கு டனல் கூரை வரை சேறு நிறைந்திருந்தது. அன்றைக்கு வெடி வைத்திருந்தால் இடையில் மீதியிருந்த பாறையும் விட்டுப்போயிருக்கும். அள்ளப் போன நான்கு பேரையும் அந்தச் சேற்றுக்குள் தேட வேண்டி வந்திருக்கும். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏ.இ. பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார்.

5. என்ன தூக்கறேன்னு சொன்னீங்களா

விசாரணை நடந்தது. பெட்டியில் கல்லைப் போட்டது யார் என்று கேட்டார்கள். பெட்டி என் பொறுப்பில் இருந்தது என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. டிரில்லரிலிருந்து ஹெல்பராக இறக்கினார்கள். ஷீட்டைத் திருத்தச் சொன்னது தான்தான் என்று ஏ.இ. எங்கேயும் எழுதவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் பேனா என்னுடையது. அதையும் மறைக்கக் கூடாது.

பழனியம்மாளிடம் சொல்ல எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனேன். மாரப்பன் ஒண்டிக்கடைக்குப் போயிருந்தார். அந்தப் பெட்டி எதற்கு, காலி இடத்துக்கு என்ன அர்த்தம், அதை நிரப்பினால் கீழே என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"நம்மூட்டுக்காரரு உள்ள இருந்தாருங்களே" என்றார்.

"ஆமாங்கக்கா."

அழுவார் என்று நினைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"மூணு மாசமா அந்தப் பொட்டியத் தூக்குனனே. பதனமா எறக்கு, போட்டு ஒடச்சிராதேன்னு நூறு வாட்டி சொன்னீங்க. என்ன தூக்கறேன்னு ஒரு வாட்டி சொன்னீங்களா? கல்லு இல்லாத எடம்தான் முக்கியம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் எதுக்குங்க அதத் தொடப் போறேன்? எம்புருசன நானே புதைக்கப் பாத்திருக்கறேன். அது எனக்கே தெரியல."

மன்னிச்சுக்குங்க என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இனி அவர் எங்கள் வேலைக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பைலட் டனலை மூடிவிட்டு மாரமங்கலம் பக்கம் புது வழி பார்க்க மிஷினை மாற்றியபோது, சுமை தூக்க வந்த பெண்களில் முதல் ஆளாக நின்றார். அங்கே பெட்டியில் கல் அடுக்குகிற ஹெல்பர் நான். முதல் நாளே எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து, மூடியைத் திறந்து, கட்டையைக் காட்டி விளக்கினேன். அவர் தலையைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், மூடுபனி, தூறல். ஜீப் கீழே காத்திருந்தது. ஏ.இ. ஹாரன் மேல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவசரத்தில் பெட்டிகளை மூடித் தூக்கிவிடப் போனேன். பழனியம்மாள் தன் பெட்டியைத் திறந்து காடி காடியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூணாவது காடியில காலியா இருக்குது. கட்ட எங்கீங்க?"

விட்டிருந்தேன். அத்தனையும் பட்ட பிறகும் விட்டிருந்தேன்.

"கிட்டங்கிக்குப் போய் வெச்சுக்கலாங்கக்கா. ஆபீசர் கத்தறாரு."

"கத்தட்டுங்க. அத்தன அவசரம்னா அவரையே வந்து தூக்கச் சொல்லுங்க. கட்ட வெக்காம இந்தப் பொட்டி எந்தலைக்கு ஏறாது." சொல்லிவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். மற்ற பெண்களும் தங்கள் பெட்டிகளை இறக்கி வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் மிஷினுக்குத் திரும்ப ஏறினேன். கீழே ஹாரன் சத்தம் நிற்கவில்லை. ரம்பத்தை எடுத்து, அளந்து, கட்டையை வெட்ட உட்கார்ந்தேன்.